பங்கருக்கு எதிராக நான் பேசிய பத்து நிமிடம்

எந்த அணியில் போட்டாலும் பேசுவேன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்குப் பானிபட்டும் பிளாசியும். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் பட்டிமன்றம். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் மனைவியே என்று சிவகாசியில் முழங்கிவிட்டு, அடுத்த வாரம் சாத்தூரில் கணவனே என்று முழங்கியிருக்கிறேன். இரண்டு ஊரிலும் ஒரே அளவு கைதட்டினார்கள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும் என்பார்கள். என் நாக்கு புரண்டதற்குச் சால்வை போர்த்தி, கார் வைத்து அழைத்துப்போனார்கள்.

பட்டிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பு எதுவானாலும் வீட்டு ஆளை மேடைக்கு இழுக்க வேண்டும். "எங்க வீட்டுக்காரர் இருக்காரே" என்று தொடங்கினால்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். என் கணவர் தபாலாபீசில் வேலை பார்த்த சாது. மேடையில் அவரைக் கஞ்சனாக்கினேன், தூங்குமூஞ்சியாக்கினேன், சட்டைப் பொத்தான் போடத் தெரியாதவராக்கினேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பார். கூட்டத்துக்கும் அது பொய் என்று தெரியும், யாருக்கும் ஒரு சேதமும் இல்லை என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லிக்கொள்வோம்.

ராஜபாளையத்தில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் சிலரும் வியாபாரிகள் சிலரும் சேர்ந்து, குடியரசு தினத்தை ஒட்டி ஒரு பட்டிமன்றம் ஏற்பாடு செய்தார்கள். மாமியாரையும் மருமகளையும் கேட்டுக் கேட்டு ஊருக்குப் புளித்துவிட்டதாம். அதனால் கனமான தலைப்பு வைத்தார்கள்: இன்றைய போரில் அரண்கள் பயன் தருமா, வெறும் சுமையா? நடுவராக வரப்போகிற ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியரிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. "பயன் தரும்" அணி என்று எழுதியிருந்தார்.

பழைய கோட்டைகளைப் பற்றி நான் இரண்டு மணி நேரம் பேசுவேன். மதில், அகழி, முதலை, கொதிக்கும் எண்ணெய் எல்லாம் கைவசம் இருந்தன. ஆனால் விமானமும் பீரங்கியும் வந்த பிறகு சுவருக்கு என்ன மரியாதை? வரலாற்றுப் புத்தகம் எனக்கு எதிராகத்தான் சாட்சி சொன்னது. அப்போதுதான் தம்பியின் நினைப்பு வந்தது.

தம்பி எனக்கு நாலு வயது இளையவன். ராணுவத்தில் பாலம் கட்டுவது, பதுங்குகுழி தோண்டுவது, பங்கர் கட்டுவது என்று பொறியியல் படையில் இருந்தவன். முந்தின வருடம்தான் விலகி வந்து, ராஜபாளையத்தில் அம்மாவோடு இருந்தான். கையில் வந்த மொத்தத்தையும் போட்டுச் சென்ட்ரிங் தகடும் சவுக்குக் கட்டையும் வாங்கி, வீடுகளுக்குக் கான்கிரீட் தளம் போட்டுக்கொடுக்கும் தொழிலில் இறங்கியிருந்தான். அதுவரை சின்னதாக ஒரே ஒரு மாடி முடித்திருந்தான். அடுத்து ஒரு பேண்டேஜ் துணி கம்பெனிக்காரர் தன் குடோனுக்கு மேல்தளம் போட அவனிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைத்தால் ஊரில் அவனுக்கு ஒரு பெயர் நிற்கும். கிடைக்காவிட்டால் தகடெல்லாம் கொல்லையில் கிடந்து துருப்பிடிக்க வேண்டியதுதான். அம்மா அதற்காக நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். கொல்லையில் உட்கார்ந்து தகடுகளுக்குப் பழைய ஆயில் தடவிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். ராணுவத்தைப் பற்றிக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறவன், அன்று துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அக்கா தன்னிடம் ஒன்று கேட்டு வந்திருக்கிறாளே என்று அவனுக்குச் சந்தோஷம். அது முகத்தில் தெரிந்தது.

"பங்கரு குண்டைத் தடுக்கும்னு நினைக்காதக்கா. நேரா தலையில விழுந்தா எதுவும் நிக்காது. பக்கத்துல விழுந்து சில்லு பறக்கும்ல, அதைத்தான் தடுக்கும்."

"அம்புட்டுத்தானா?"

"அது இல்லக்கா பெருசு. உள்ள இருக்கவன் நாலு மணி நேரம் கண்ணசருவான். அதுக்குத்தான் பங்கரு. தூங்காதவன் மூணாம் நாளு நிழலைப் பாத்துச் சுடுவான். நாலாம் நாளு நம்மாளையே சுடுவான். கோட்டை, கொத்தளம்னு நீங்க என்ன வேணாலும் சொல்லிக்கோங்க. சண்டையில அதுக்கு இருக்க மதிப்பு தூக்கம்தான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அறிவால் சிலிர்க்கவில்லை, கைதட்டு எங்கே விழும் என்று காது கேட்டுவிட்டது. இன்னும் சொல்லுலே, நீ கட்டினதைப் பற்றிச் சொல்லு என்று கிளறினேன்.

இன்னொரு தகட்டை இழுத்து ஆயில் தடவினான். பிறகு சொன்னான். வடக்கே ஒரு மலை எல்லை. மரத்தடிகளைக் குறுக்கே போட்டு, மேலே மூன்று அடுக்கு மணல் மூட்டை அடுக்கி அவன் ஒரு பங்கர் கட்டியிருந்தான். பார்வையிட வந்த அதிகாரி இன்னும் இரண்டு அடுக்கு ஏற்றச் சொன்னார். தடி தாங்காது, நடுவில் முட்டுக் கொடுக்க மரம் வர வேண்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். மரம் வரும்போது வரட்டும், முதலில் மூட்டையை ஏற்று என்றார் அவர். ஏற்றினான். அப்புறம் மூன்று நாள் விடாத மழை. மணல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது.

"குண்டு ஒண்ணும் விழலக்கா. அன்னிக்குச் சண்டையே இல்ல. உள்ள மூணு பேரு தூங்கிட்டு இருந்தாக. சத்தம்கூடப் பெருசா வரல, லாரியில இருந்து மூட்டை இறக்குன மாதிரிதான் இருந்துச்சு. சாப்பாட்டுத் தட்டை வச்சு மண்ணை அள்ளுனோம். உள்ள இருந்து ஒருத்தன் குவளையால தட்டிக்கிட்டே இருந்தான். டொக் டொக்குனு. நாங்க அள்ளிக்கிட்டு இருக்கும்போதே நின்னுபோச்சு."

விசாரணையில் உத்தரவு போட்டது யார் என்பது தெளிவாகி, தம்பி மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு அவனால் அங்கே இருக்க முடியவில்லை. "மேல ஏத்த ஏத்தப் பாதுகாப்புன்னு நினைக்காக. கீழ தாங்குற கட்டையை யாரும் பாக்க மாட்டாக. அதான்கா நான் இப்ப முட்டு மட்டும் ஒண்ணுக்கு ரெண்டாக் குடுக்கேன்" என்றான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். சரி என்று தலையாட்டினேன். தூக்கம் பற்றிய பகுதி மட்டும்தான் எனக்கு வேண்டும் என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன்.

பட்டிமன்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பேராசிரியர் பள்ளிக்குப் போன் செய்தார். எதிரணிக்கு வைத்திருந்த மூத்த பேச்சாளர், தமக்குப் பழம்பாட்டெல்லாம் அரணைப் புகழ்வதாகத்தான் மனப்பாடம் ஆகியிருக்கிறது, ஆகவே "பயன் தரும்" அணிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாராம்.

"நீங்க எந்தப் பக்கம்னாலும் பேசுவீங்களேம்மா" என்றார்.

"அதுக்கென்ன சார், பேசிருவேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டு ஏழாம் வகுப்புக்குப் போனேன். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே மனசு தம்பியின் கதையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. வேறு கதை தேடவே இல்லை. தேட நாலு நாள் இருந்தது, தெருக்கோடியில் நூலகமும் இருந்தது. ஒரு நாடு எல்லை நெடுகக் கான்கிரீட்டில் அரண் கட்ட, எதிரி அதைச் சுற்றிக்கொண்டு வந்த கதையை நான் வருடா வருடம் வகுப்பில் சொல்கிறவள். அது போதும், ஜெயிக்க முடியாவிட்டாலும் மானமாகப் பேச முடியும். ஆனால் அந்தக் கதையில் வீட்டு ஆள் யாரும் இல்லையே!

கூட்டம் ஐந்தரை மணிக்குத் தொடங்கியது. மைதானம் நிறைந்திருந்தது. இரண்டாவது வரிசையில் பேண்டேஜ் கம்பெனிக்காரர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அவரை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். தம்பி, கடைசியில் கயிறு கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றான். தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தான். அணி மாறியதை அவனிடம் நான் சொல்லவில்லை.

எனக்குப் பத்து நிமிடம். சுற்றிக்கொண்டு வந்த எதிரியின் கதையை முதலில் சொன்னேன். அரைகுறையாகத் தட்டினார்கள். விமானத்தைச் சொன்னேன். ஒருவர் கொட்டாவி விட்டார். என் முறைக்கு முன் பேசிய மூத்தவர் பாட்டுப் பாடியே மைதானத்தைக் கையில் எடுத்துவிட்டுப் போயிருந்தார். தோற்கப்போகிறேன் என்று தெரிந்தது. தோற்றுப் பழக்கமில்லாதவள் நான்.

"நடுவர் அவர்களே, எங்கேயோ இருக்கிற நாட்டுக் கதை எதற்கு? என் கூடப் பிறந்த தம்பி கட்டின பங்கர் கதையைச் சொல்கிறேன்" என்றேன். மைதானம் நிமிர்ந்தது.

மூட்டையைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், மூன்று பேரைச் சொன்னேன். பிறகு மோதிர விரலை மடக்கி மைக்கில் தட்டினேன். டொக். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு டொக். மூவாயிரம் பேர் இருந்தார்களோ ஐயாயிரம் பேர் இருந்தார்களோ, ஒரு குழந்தை கூட அழவில்லை. தட்டுவதை நிறுத்தினேன். அந்த மௌனத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், பிடித்து வைத்தேன். அப்புறம் குரலை மாற்றிக் கையை விரித்தேன்.

"எதிரிக்குக் குண்டுச் செலவு மிச்சம் நடுவர் அவர்களே! எங்க தம்பி போட்ட கூரை ஒண்ணே போதும்!"

மைதானம் அதிர்ந்தது. சிரித்தார்கள், விசிலடித்தார்கள், நடுவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அன்று கிடைத்தது போன்ற கைதட்டு எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை. மறைப்பானேன், இனித்தது. உத்தரவு போட்ட அதிகாரியை நான் சொல்லவில்லை. சொன்னால் குற்றம் அவர் தலைக்குப் போய்விடும், சிரிப்பு வராது. தூக்கத்தைப் பற்றியும் சொல்லவில்லை. எதிரணிக்கு அது தெரிந்திருந்தால் நான் தோற்றிருப்பேன். இன்றைய போரில் அரண்கள் வெறும் சுமையே என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பங்கரைக் கையால் கட்டிய ஆள் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றான். அவனை யாரும் கேட்கவில்லை.

சால்வையோடு கீழே இறங்கினேன். தம்பி காத்துக்கொண்டிருந்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன், போடவில்லை.

"உத்தரவைச் சொல்லலையேக்கா" என்றான்.

"பத்து நிமிசம்தானலே. மணி அடிச்சிருவாக."

"ஒரு வரிதானக்கா."

அதற்குள் யாரோ என்னிடம் கையெழுத்துக் கேட்டு நோட்டை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். போய்விட்டிருந்தான்.

மறுநாள் காலையில் கம்பெனிக்காரர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். "தம்பி, ஒண்ணும் நினைச்சுக்கிடாதீக. எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல பயப்படுதாங்க" என்றாராம். மனைவி உள்ளேயிருந்து தெலுங்கில் "ஒத்து, ஒத்து" என்று சொன்னது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். ராஜபாளையத்தில் அந்த அளவு தெலுங்கு எல்லோருக்கும் புரியும்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்குப் பிறகு அவன் டீக்கடையில் வந்து உட்கார்ந்தால் யாராவது ஒருவன் கிளாசை மேசையில் தட்டுவான். டொக் டொக். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேப்பர் படிப்பார்கள். முதலில் ஒரு கடையில் தட்டினார்கள், பிறகு பஸ் ஸ்டாண்டில் தட்டினார்கள், வேலைக்குப் பேசப் போன வீட்டில் சின்னப் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று தட்டின. தம்பி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவான் என்று அம்மா எனக்குச் சொல்லி அழுதாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெடவில்லை, அவன் கெட்டான்.

எனக்குக் குத்தாமல் இல்லை. ஒரு மாதம் கழித்துக் கம்பெனிக்காரரைப் போய்ப் பார்த்தேன். அதிகாரியின் உத்தரவு, மரம் கேட்டது, விசாரணை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். என் ஆயுளிலேயே அவ்வளவு நேர்மையாக நான் பேசியதில்லை. அவர் காபி வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார்.

"மேடையில சொன்னது நெசமா, இப்பச் சொல்லுதது நெசமா டீச்சர்? நீங்கதான் எந்தப் பக்கம்னாலும் பேசுவீகளே!" என்று சிரித்தார். கிண்டலாகக்கூட இல்லை, பாராட்டாகவே சொன்னார். காபித் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அப்படியானால் அடுத்த மேடையில் ஏறி உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அடுத்த மேடை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. "டீச்சர், அந்த டொக் டொக் கதை சொல்லுங்க" என்று கூட்டத்திலிருந்து கேட்டார்கள். நான் சொன்னேன். மூன்று ஊரில் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எண்ணிக்கை மூன்றுதான்.

தம்பி இரண்டு வருடம் தாக்குப்பிடித்தான். பிறகு தகடுகளையும் கட்டைகளையும் வ. புதுப்பட்டிக்காரர் ஒருவருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்தவர்களிடம் கூலிக்குப் போக ஆரம்பித்தான். அம்மா இறந்தபோது கொள்ளி வைத்தான், என்னோடு தேவைக்கு மட்டும் பேசினான். நான் கார்டு போட்டால் பதில் வராது. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு மாடியில் ஓர் அறை கட்ட முடிவு செய்தோம். நான் மேடையில் கஞ்சன், தூங்குமூஞ்சி என்று விற்ற மனிதர்தான் முதலில் கேட்டார்.

"தளம் போடுறதை உன் தம்பிகிட்டயே குடுத்துருவோமா? நம்ம வீட்டுக்கு அவன் போட்டான்னா ஊருக்கும் நம்பிக்கை வரும்லா."

எவ்வளவு சுலபமான பரிகாரம்! ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேட்க வேண்டாம், மேடையேற வேண்டாம். அவன் போட்ட தளத்துக்குக் கீழே நாங்கள் குடியிருந்தால் போதும். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் வந்தது அவன் முகம் இல்லை. மழையில் ஊறிய மூட்டையும், அதற்குக் கீழே படுத்திருக்கும் என் பிள்ளைகளும் வந்தார்கள். நடந்தது என்ன என்று உலகத்திலேயே தெளிவாகத் தெரிந்தவள் நான். அவன் முட்டு ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பவன் என்பதும் தெரியும். தெரிந்தும் பயந்தேன். என் பேச்சை ஊர் நம்பியதைவிட நான் அதிகமாக நம்பியிருந்தேன்.

"வேண்டாங்க" என்றேன். "வேற ஆளைப் பாருங்க."

கணவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேடையைப் பார்த்துச் சிரிக்கும் முகம் அன்று சிரிக்கவில்லை. வன்னியம்பட்டிப் பக்கமிருந்து ஒரு மேஸ்திரியைப் பேசி முடித்தோம்.

கான்கிரீட் போடுகிற நாள், காலையில் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். நான் அடுக்களையில் இருந்தேன். வேலை செய்பவர்களுக்குக் கறிச்சோறு போடுவது வழக்கமாதலால் சமையல் அமளி. பத்து மணிக்கு மோர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சாரத்தில் ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து மூன்றாவது ஆள் என் தம்பி. தலையில் சிவப்புத் துண்டு. தாடியில் நரை விழுந்திருந்தது.

என்னைப் பார்த்தான். சட்டியை வாங்கி மேலே கொடுத்தான். அடுத்த சட்டிக்குக் கையை நீட்டினான்.

மேஸ்திரி என் பக்கத்தில் வந்து மோரை வாங்கிக் குடித்தார். "அந்தா நிக்கானே, அவன் விடியவும் கீழ போய்ப் பாத்துட்டு, நடு உத்தரத்துக்கு ரெண்டு முட்டு பத்தாதுன்னு இன்னும் ரெண்டு அவனே அடிச்சு நிறுத்திட்டுத்தான் சாரத்துல ஏறுனான். வெவரமான ஆளு. ஏன் கூலிக்கு வாரான்னு தெரியல" என்றார். நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் என் தம்பி என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாத வாய் எனக்கு. சொல்லவில்லை.

மத்தியானம் வேலை முடிந்து எல்லோரும் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான்தான் பரிமாறினேன். அவன் இலைக்கு வந்தேன். குனிந்து சோறு வைத்தேன், கறியைக் கூடுதலாக இரண்டு கரண்டி போட்டேன். மூன்றாவது கரண்டிக்கு அவன் இலைக்கு மேலே கையை நீட்டித் தடுத்தான். விரல் இடுக்கில் சிமெண்ட் காய்ந்திருந்தது.

"போதும் டீச்சர்" என்றான்.

பக்கத்து இலைக்காரன் வாயில் சோற்றோடு அவனைத் திரும்பிப் பார்த்தான். "வீட்டுக்காரம்மா டீச்சரா? ஒனக்குத் தெரியுமாலே?"

"தெரியும். நல்லாப் பேசுவாக" என்று சொல்லிவிட்டு, தம்பி சோற்றைப் பிசைந்தான்.

நான் அடுத்த இலைக்குப் போனேன்.